வாந்தி இல்லை, ஆனால் புரட்டுகிறது

அக்காவின் முதல் கீமோ முடிந்த மூன்றாம் நாள் இரவு. மணி இரண்டு இருக்கும். குளியலறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வாந்தி வரவில்லை. வருவதுபோல் இருந்துகொண்டே இருந்தது. வாயில் எச்சில் ஊறும், துப்புவாள், கண்ணை மூடிக்கொள்வாள், சுவரில் தலையைச் சாய்ப்பாள். "வந்துட்டாக்கூட பரவாயில்லடி, இப்படி வராம நிக்கிறதுதான் தாங்கல" என்றாள். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றேன். தண்ணீரின் வாடையே ஆகவில்லை அவளுக்கு. தண்ணீருக்கு என்ன வாடை என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அலமாரியில் இரண்டு அட்டை மாத்திரை இருந்தது. பிரிக்காமல்.

அது ஏன் பிரிக்கப்படவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கீமோ ஏற்றுவதற்கு முன் வாந்தியைத் தடுக்கும் ஊசிகளைப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு மாத்திரைச் சீட்டு கைக்கு வந்தது. கொடுத்தவர் அவசரத்தில் இருந்தார். "வாந்தி வந்தா போடுங்க" என்பதுதான் என் காதில் விழுந்தது. சீட்டிலோ மூன்று நாளைக்கு, காலையும் இரவும் என்று எழுதியிருந்தது. நான் காதில் விழுந்ததை நம்பினேன். சீட்டைப் படிக்கவில்லை. முதல் நாள் அக்கா நன்றாகத்தான் இருந்தாள். சாப்பிட்டாள், போனில் பேசினாள், "இதுக்குத்தானா இவ்வளவு பயந்தோம்" என்றுகூடச் சொன்னாள். ஏற்கெனவே உடம்புக்குள் எவ்வளவோ மருந்து போயிருக்கிறது, தேவையில்லாமல் இன்னும் எதற்கு என்று நினைத்துவிட்டேன். அக்கறையில்தான் அப்படி நினைத்தேன். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம் நாள் மாலை ஆரம்பித்தது. நான் சொன்ன அந்த மூன்றாம் நாள் இரவு, விடிவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அப்போது கொடுத்த மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை. வாந்தி தொடங்கிய பிறகு வாந்தி மாத்திரையை விழுங்கச் சொல்வது எவ்வளவு வீண் என்பது அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு நிறையப் படித்தேன், கேட்டேன், அடுத்த மூன்று கீமோக்களில் கூடவே இருந்து பார்த்தேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதில் மருத்துவர் கையில் இருப்பது பாதி, வீட்டில் இருப்பவர்கள் கையில் இருப்பது பாதி. அந்த இரண்டாம் பாதியை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்து போவது இரத்தக் குழாய் வழியாக. வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. அப்புறம் ஏன் வயிறு புரட்ட வேண்டும்? உணவு ஒத்துக்கொள்ளாமல் வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதல் நாள் என்ன சமைத்தேன் என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். விஷயம் அதுவே இல்லை. நம் உடம்பு தனக்குள் விஷம் புகுந்துவிட்டது என்று முடிவுசெய்து, அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. கெட்டுப்போன எதையோ தின்றுவிட்டால் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக உள்ள ஏற்பாடு அது. கீமோ மருந்தையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

குடலின் உள்சுவரில் சில சிறப்புச் செல்கள் இருக்கின்றன. செரட்டோனின் என்று செய்தி கடத்தும் ஒரு பொருள், உடம்பில் உள்ளதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கீமோ மருந்து இரத்தத்தோடு வந்து அந்தச் செல்களைத் தாக்கும்போது செரட்டோனின் கொட்டுகிறது. பக்கத்திலேயே, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள். அவை செய்தியை நேராக மூளைத் தண்டுக்கு அனுப்புகின்றன. இது ஒரு வழி. இன்னொரு வழி மூளைக்குள்ளேயே இருக்கிறது. மூளையின் பெரும்பகுதிக்கு இரத்தத்திலிருந்து வேண்டாததை உள்ளே விடாத ஒரு தடுப்பு உண்டு. மூளைத் தண்டில் உள்ள ஒரு சின்ன இடத்தில் அந்தத் தடுப்பு தளர்ந்திருக்கிறது. இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று ருசி பார்ப்பதுதான் அந்த இடத்தின் வேலை. பிடிக்காதது வந்தால் மணி அடித்துவிடும்.

முதல் 24 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் இந்தச் செரட்டோனின் வேலை. அதை உடனடி வகை என்கிறார்கள். அதற்குப் பிறகு ஐந்தாம் நாள்வரை வருவது தாமத வகை. இதில் பெரிய பங்கு வேறொரு பொருளுக்கு, 'சப்ஸ்டன்ஸ் பி' என்று பெயர். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தில் இது இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும். அதாவது ஆஸ்பத்திரியில் ஊசிகளின் தயவில் முதல் நாளை நன்றாகக் கடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் ஆகல" என்று நிம்மதியாகும்போதுதான் இது மெல்ல எழுந்து வருகிறது. முதல் நாள் நன்றாக இருந்ததைப் பார்த்து மாத்திரையைக் கொடுக்காமல் விட்டவள் நான். அடுத்து வரப்போவதற்கும் முதல் நாளுக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் இதற்கு மருந்தே சரியாக இல்லை. சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1978இல். பல புற்றுநோய்களின் தலையெழுத்தை மாற்றிய மருந்து அது. ஆனால் வாந்தி தடுப்பு இல்லாமல் கொடுத்தால் ஏறத்தாழ எல்லோருமே வாந்தி எடுப்பார்கள், ஒரே நாளில் பல முறை. அதற்குப் பயந்து வைத்தியத்தையே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. 1981இல் மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மருந்தை அதிக அளவில் இரத்தக் குழாய் வழியாகக் கொடுத்தால் கேட்கிறது என்று காட்டினார்கள். 1991இல் ஒண்டன்செட்ரான் வந்தது. செரட்டோனின் போய் ஒட்டும் பூட்டுகளை முன்கூட்டியே அடைத்துவிடும் மருந்து. உடனடி வாந்தியின் கதையை அது மாற்றிவிட்டது. 'சப்ஸ்டன்ஸ் பி'யைக் கண்டுபிடித்தது 1931இல். அதன் பூட்டை அடைக்கும் அப்ரெபிடன்ட் இந்த வேலைக்கு மருந்தாக வந்தது 2003இல். இடையில் 72 வருடம். அந்த 72 வருடத்தில் எத்தனை பேர் எத்தனை குளியலறை வாசல்களில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, அக்காவின் கதைக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்து இரண்டாவது கீமோவுக்குப் போனோம். டாக்டர் கேட்டார், "வாந்தி இருந்துச்சாம்மா?" அக்கா சொன்னாள், "ரெண்டு தடவைதான் டாக்டர்." அவர் எழுதிக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். இரண்டு தடவை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த மூன்று நாட்கள் எங்கே போயின? சாப்பிடாமல், தூங்காமல், ஒரு வாய் தண்ணீருக்கு நடுங்கிய மூன்று நாட்கள்? அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. டாக்டரின் நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு மரியாதை. வாந்தி என்றால் சொல்லலாம், அது கண்ணுக்குத் தெரியும், எண்ணலாம். புரட்டல் என்பதை எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் இருப்பதுதானே, கீமோ என்றால் அப்படித்தானே என்று அவளும் நினைத்தாள்.

அன்று ஊசி போடும் அறையில் உட்கார்ந்ததுமே அக்காவின் முகம் வெளுத்தது. மருந்து இன்னும் ஏறவே இல்லை. ஸ்பிரிட் பஞ்சின் வாடை வந்ததும் ஓங்கரித்தாள். அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் பஞ்சைத் தூர வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "அக்கா, போன தடவ வாந்திய விடுங்க. புரட்டல் எத்தன நாள் இருந்துச்சு?"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஒரு கேள்விதான் எங்களுக்கு எல்லாவற்றையும் மாற்றியது. அவர் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். அக்கா எட்டு என்றாள். எத்தனை நாள்? மூன்றரை. மாத்திரை போட்டீங்களா? நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன், இல்லை என்று. அவர் திட்டவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் திரும்ப வந்து, முன்பு கேட்காத கேள்விகளைக் கேட்டார். பஸ்ஸில் போனால் தலைசுற்றி வாந்தி வருமா? வரும், சின்ன வயதிலிருந்தே. பிரசவத்துக்கு முன் மசக்கை அதிகமா? இரண்டு பிள்ளைக்கும் ஐந்து மாதம்வரை. வயது ஐம்பதுக்குள். பெண். மதுப் பழக்கம் இல்லை. இவை ஒவ்வொன்றுமே கீமோவில் குமட்டல் அதிகம் வருவதற்கான அடையாளங்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முந்தைய இரவு சரியாகத் தூங்காததும், "எனக்கு வாந்தி வரத்தான் போகுது" என்று உறுதியாக நம்புவதும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அக்காவுக்கு அத்தனையும் இருந்தது. முதல் கீமோவுக்கு முன் இதை நாங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கலாம். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

இந்த மௌனம் எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கீமோ எடுத்துக்கொள்பவர்களிடம் எது மிகவும் வாட்டுகிறது என்று கேட்டார்கள். முதலிடம் வாந்திக்கு, இரண்டாமிடம் குமட்டலுக்கு. புது மருந்துகள் வந்த பிறகு, 1990களில் மீண்டும் கேட்டபோது வாந்தி கீழே இறங்கிவிட்டது. குமட்டல் மேலே ஏறி முதலிடத்துக்கு வந்திருந்தது. 2004இல் இன்னொரு ஆய்வு: தாமத வகை எத்தனை பேருக்கு வரும் என்று மருத்துவர்களையும் செவிலியர்களையும் முன்கூட்டியே கணிக்கச் சொல்லி, நோயாளிகள் எழுதிய நாட்குறிப்போடு ஒப்பிட்டார்கள். முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் குறைத்தே கணித்திருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நோயாளி அவர்கள் முன்னால் இருப்பது முதல் நாள். படுத்துவது மூன்றாம் நாள். அந்த மூன்றாம் நாளை யாராவது கொண்டுபோய்க் காட்டினால்தான் தெரியும்.

இன்னொன்றும் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. வாந்தி மருந்து ஆய்வுகளில் 'முழுப் பலன்' என்று ஒரு அளவுகோல் உண்டு. வாந்தி இல்லை, கூடுதலாக அவசர மாத்திரை போடவில்லை என்றால் முழுப் பலன். அதில் குமட்டல் கணக்கிலேயே வராது. குளியலறை வாசலில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த ஒருவர் வாந்தி எடுக்காமலும் மாத்திரை போடாமலும் இருந்திருந்தால், அந்தக் கணக்கில் அவருக்கு முழுப் பலன்.

இரண்டாவது கீமோவுக்கு வாந்தித் தடுப்பு மருந்துகளை மாற்றினார்கள். அக்காவுக்குப் போன கீமோ மருந்து டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற ஜோடி. அந்தச் சிவப்பு மருந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீமோ மருந்துகளை அவை எத்தனை பேருக்கு வாந்தியை வரவழைக்கும் என்பதை வைத்து நான்காகப் பிரித்திருக்கிறார்கள். தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் வந்தால் அதிக ஆபத்து, 30 முதல் 90 என்றால் நடுத்தரம், 10 முதல் 30 என்றால் குறைவு, அதற்கும் கீழே மிகக் குறைவு. சிஸ்பிளாட்டினும் அக்காவுக்குக் கொடுத்த ஜோடியும் முதல் வகை. ஆக்ஸலிபிளாட்டின், இரினோடிகன் எல்லாம் இரண்டாவது. பாக்ளிடாக்ஸல், ஜெம்சிடபின் மூன்றாவது. வின்கிறிஸ்டின் நான்காவது. ஆகவே "எனக்குக் கீமோவில் ஒன்றுமே ஆகவில்லை" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வதும், "செத்துப் பிழைத்தேன்" என்று இன்னொருவர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கீமோ என்பது ஒரே மருந்து இல்லை. "எனக்குப் போகும் மருந்து எந்த வகை?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு அதை வைத்துத்தான் முடிவாகிறது.

முதல் வகைக்கு இப்போது உலக வழிகாட்டுதல்கள் சொல்வது நான்கு மருந்துகள், ஒன்றாக. செரட்டோனின் பூட்டை அடைக்கும் ஒன்று, 'சப்ஸ்டன்ஸ் பி' பூட்டை அடைக்கும் ஒன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஓலான்சபின். நாலு பேர் நாலு வாசலில் நிற்பதுபோல. ஒரே வாசலில் நாலு பேர் நின்று பயனில்லை. அக்காவுக்கு முதல் முறை இரண்டு வாசல்தான் அடைக்கப்பட்டிருந்தது.

செரட்டோனின் வகையிலேயே வித்தியாசம் உண்டு. ஒண்டன்செட்ரான் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து பாதி போய்விடும். பாலோனோசெட்ரான் பாதியாகக் குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகும். கிரானிசெட்ரானில் தோலில் ஒட்டும் பட்டைகூட இருக்கிறது. கீமோவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒட்டிவிடுவார்கள், மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு உதவும். அப்ரெபிடன்ட் மாத்திரையாகக் கொடுத்தால் கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, பிறகு அடுத்த இரண்டு நாளும். இங்கேதான் வீட்டில் இருப்பவர் விழித்திருக்க வேண்டும். மூன்று நாள் மாத்திரை என்றால் மூன்று நாள். நன்றாக இருந்தாலும் போட வேண்டும். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

ஓலான்சபின் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் அதை வாங்கிக்கொண்டு வந்து, வழியில் போனில் தேடிப் பார்த்தேன். மனநோய்க்குத் தரும் மருந்து என்று வந்தது. எனக்குக் கை நடுங்கியது. தவறான மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த மாத்திரையைத் தேடிப் பார்த்துவிட்டுப் பயந்து, சொல்லாமல் குப்பையில் போட்டவர்களை அப்புறம் சந்தித்திருக்கிறேன். அது தவறான மாத்திரை இல்லை. குமட்டலைக் கடத்தும் பல பூட்டுகளை அது ஒரே நேரத்தில் அடைக்கிறது. 2016இல் வெளியான பெரிய ஆய்வில், மற்ற மூன்று மருந்துகளோடு இதையும் சேர்த்தவர்களில் முதல் நாள் குமட்டலே இல்லாதவர்கள் 74 சதவீதம், சேர்க்காதவர்களில் 45. ஐந்து நாளும் சேர்த்துப் பார்த்தால் 37க்கு 22. அந்த 37 சிறிய எண்ணாகத் தெரியலாம். வாந்தி மருந்துகள் பலவும் கண்டுகொள்ளாத குமட்டலையே குறைத்த மருந்து இது என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாகத்தான் பார்க்கிறேன்.

குறை என்னவென்றால் தூக்கம். அக்காவுக்கு முதலில் கொடுத்தது 10 மில்லிகிராம். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு குமட்டல் பத்துக்கு இரண்டுதான். ஆனால் பகலெல்லாம் கண் சொருகியபடி இருந்தாள். பாத்ரூம் போகும்போது தடுமாறினாள். "புரட்டல் போச்சு, நானும் போயிட்டேன்" என்றாள். அடுத்த முறை இதையும் எழுதிக்கொண்டு போய்ச் சொன்னோம். 5 மில்லிகிராமாகக் குறைத்தார்கள், இரவு படுக்கும்போது மட்டும். அந்த அளவே போதும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஆய்வு இருக்கிறது, 2020இல் வந்தது. அதைவிடக் குறைத்து 2.5 மில்லிகிராம் கொடுத்தாலும் 10க்கு இணையாகவே வேலை செய்கிறது, மயக்கம் குறைகிறது என்று மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை ஆய்வு 2024இல் காட்டியது. மருந்தைத் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுவதற்கு முன் அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நாங்களாக நிறுத்தியிருந்தால் பழையபடி மூன்றாம் நாள் இரவுக்கே போயிருப்போம்.

ஸ்டீராய்டு பற்றி இரண்டே விஷயம். அது தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டில் போட வேண்டியிருந்தால் காலையிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு அளவு ஏறும். முன்பே சொல்லிவிட வேண்டும். விக்கலும் வரலாம், பயப்பட வேண்டியதில்லை.

ஒண்டன்செட்ரான் வகையில் தலைவலியும் மலச்சிக்கலும் வரும். இந்த மலச்சிக்கல்தான் மூன்றாவது கீமோவில் எங்களை ஏமாற்றியது. எல்லா மருந்தும் நேரத்துக்குப் போட்டும் ஐந்தாம் நாள் மறுபடியும் புரட்டல். அட்டையில் மீதமிருந்ததைப் போட்டோம், குறையவில்லை. இன்னொன்று போடலாமா என்று நினைத்து, நல்லவேளை, போனில் கேட்டோம். மறுமுனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "வெளிக்குப் போய் எத்தன நாளாச்சு?" நாலு நாள். குடல் நகராமல் நின்றாலே வயிறு புரட்டும். அதற்கு அதே மாத்திரையை மேலும் போட்டால் இன்னும் இறுகும். மலமிளக்கி கொடுத்ததும் மறுநாள் சரியானது. அன்றிலிருந்து என் நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். தடுத்தும் மீறி வந்தால், ஏற்கெனவே போட்ட வகையையே திரும்பப் போடாமல் வேறு வகை மருந்தைச் சேர்ப்பதுதான் வழக்கம் என்பதும் அன்று தெரிந்தது. எதைச் சேர்ப்பது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. சில மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. உதாரணமாக ஓலான்சபினும் மெட்டோகுளோபிரமைடும்.

கீமோ எடுப்பவருக்கு வரும் வாந்தியெல்லாம் கீமோவால் வருவதும் இல்லை. வலிக்குப் போடும் மார்பின் வகை மருந்துகள், இரத்தத்தில் கால்சியம் கூடுவது, சோடியம் குறைவது, குடல் அடைப்பு, மூளைக்கு நோய் பரவியது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, வாந்தியில் இரத்தம், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் அல்லது மிகக் குறைவாக, எழுந்தால் தலைசுற்றல், வயிறு உப்பி வலி, கடும் தலைவலி, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல்: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த ஸ்பிரிட் பஞ்சுக்குத் திரும்புகிறேன். மருந்து ஏறுவதற்கு முன்பே அக்கா ஓங்கரித்தாளே, அது நடிப்பும் இல்லை, மனபலம் இல்லாததும் இல்லை. உறவினர் ஒருவர் அப்படித்தான் சொன்னார், "மனசுல தைரியம் வேணும்" என்று. அக்கா அதைக் கேட்டு எவ்வளவு கூனிக்குறுகினாள் என்பது எனக்குத்தான் தெரியும். சாப்பாட்டோடு சேர்த்து மணியோசை கேட்டுப் பழகிய, பாவ்லோவ் என்ற விஞ்ஞானியின் நாய்க்கு, பிறகு மணியோசை கேட்டாலே எச்சில் ஊறியது போலத்தான் இது. முதல் முறை அந்த வாடையையும் அந்தத் துன்பத்தையும் மூளை சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அடுத்த முறை வாடை மட்டும் போதும். முன்னெதிர்பார்ப்புக் குமட்டல் என்று இதற்குப் பெயர். வந்துவிட்டால் வழக்கமான வாந்தி மருந்துகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. லோராசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை முந்தைய இரவு கொடுப்பார்கள். தசைகளைத் தளர்த்தும் பயிற்சியோடு, பயப்படும் காட்சியை மனதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து பழக்கும் முறை பலன் தருவதை 1982லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நல்ல மருந்து, முதல் கீமோவிலேயே குமட்டல் வராமல் பார்த்துக்கொள்வதுதான். முடிச்சு விழவே விடக் கூடாது. முதல் முறை லேசாகக் கொடுத்துப் பார்ப்போம், வந்தால் அடுத்த முறை கூட்டிக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் மட்டும் தப்பான சிக்கனம்.

இந்த முடிச்சு சாப்பாட்டிலும் விழும். கீமோ அன்று தெம்பாகப் போகட்டும் என்று, அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிரான ஒன்றைச் சமைத்துக் கொடுத்து அழைத்துப் போயிருந்தேன். பிறகு அதன் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 1955லேயே எலிகளை வைத்துச் செய்த சோதனையில் இது தெரிந்திருக்கிறது. இனிப்புத் தண்ணீர் குடிக்கும்போது கதிர்வீச்சுக்கு ஆளான எலிகள் அப்புறம் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. 1978இல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், கீமோவுக்கு முன் ஒரு புதுச் சுவை ஐஸ்கிரீம் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிறகு அதை ஒதுக்கியதைக் காட்டினார். ஒரே ஒரு முறை போதும், இடையில் சில மணி நேரம் கடந்திருந்தாலும் போதும். உடம்பு விஷத்துக்கு ஒரு முகவரி தேடுகிறது. கடைசியாக உள்ளே போனதன் தலையில் பழியைப் போட்டுவிடுகிறது.

ஆகவே கீமோ அன்றும் மறுநாளும் பிடித்ததைச் சமைக்காதீர்கள். இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அன்பைக் காட்ட நமக்குத் தெரிந்த முதல் வழி அதுதான். இழந்தாலும் பரவாயில்லை என்ற எளிய உணவாக இருக்கட்டும். வயிறு காலியாகவும் வேண்டாம், நிரம்பவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு வாய். சூடான உணவு வாடையை வீசும். ஆறவைத்துக் கொடுத்தால் பலருக்கு இறங்குகிறது. சமைக்கும்போது அவர் வேறு அறையில் இருக்கட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு மடக்மடக்கென்று குடிக்காமல், இடையிடையே உறிஞ்சிக் குடிக்கலாம். இஞ்சி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சில ஆய்வுகளில் முதல் நாள் குமட்டலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. பிடித்தால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. மாத்திரைக்குப் பதிலாக அல்ல. மணிக்கட்டில் அழுத்தும் பட்டையும் அதே கதைதான்.

என் நோட்டு மிகச் சாதாரணமானது. நாள், காலை, மதியம், இரவு. குமட்டல் பத்துக்கு எத்தனை, வாந்தி எத்தனை முறை, எந்த மாத்திரை எப்போது, எவ்வளவு குடித்தாள், வெளிக்குப் போனாளா, தூங்கினாளா. ஐந்து நாளைக்கு மட்டும். டாக்டர் முன்னால் அதை விரித்து வைத்தால் அரை நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். "வாந்தி இல்ல, ஆனா புரட்டுது" என்று சொல்ல அக்காவுக்கு இருந்த கூச்சத்தை அந்தக் கட்டங்கள் போக்கின.

கடைசியாக ஒரு எலுமிச்சை மிட்டாயின் கதை. பெர்ன்ஸ்டைனும் உடன் ஆய்வாளரும் 1987இல் இன்னொன்று செய்து பார்த்தார்கள். கீமோவுக்குப் போகும் குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் வித்தியாசமான சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். வெறுப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்வதுதான் அந்த மிட்டாயின் வேலை. சாப்பிட்ட உணவுகள் மேல் வெறுப்பு குறைந்தது. இதைச் சொன்ன அன்று அக்கா, "பலியாடு மாதிரி பலிமிட்டாயா?" என்று கேட்டு, பல நாள் கழித்துச் சிரித்தாள். இரண்டாவது கீமோவிலிருந்து, கிளம்பும் முன் எளிதாக ஏதோ இரண்டு வாய், அப்புறம் வழியில் ஒரு எலுமிச்சை மிட்டாய். அவளுக்கு அதில் பெரிய விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை.

நான்காவது கீமோவின் மூன்றாம் நாள் கட்டங்களில் 1, 0, 1 என்று எழுதியிருக்கிறேன். அன்று இரவு இருவருமே தூங்கினோம். இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் கீமோ அன்று நான் சமைத்துக் கொடுத்ததை அக்கா இன்றுவரை சாப்பிடவில்லை. மற்ற எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மிட்டாய் டப்பா இன்னும் பாதி இருக்கிறது. போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது கண்ணில் பட்டது. மூடியைத் திறக்கப் போனேன். "அத மட்டும் தூர வையி" என்றாள்.